செக் என்ஜின் லைட் எரியுது, வண்டி திக்குது... உடனே காயில் மாத்தணுமா? பழைய கார்களில் 'மிஸ்ஸிங்' கண்டுபிடிப்பது எப்படி?

சிக்னலில் நிற்கும்போது கார் லேசாக உதறும். மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் பிக்கப் வராது. டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரியும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிப்போன தொல்லை.

அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். 'பி0302' என்று வருகிறது. "ரெண்டாவது காயில் போயிடுச்சு சார்" என்று புது காயில் போடுகிறார்கள். பில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த நாலாவது நாள் அதே லைட், அதே உதறல், அதே கோடு.

காரணம் எளிது. அந்தக் கோடு 'இரண்டாவது சிலிண்டரில் எரிதல் ஒழுங்காக நடக்கவில்லை' என்று மட்டும்தான் சொன்னது. காயில் போய்விட்டது என்று அது சொல்லவே இல்லை. வலி எந்த இடத்தில் என்று கோடு காட்டும். நோய் என்ன என்பதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாததால் தேவையே இல்லாத பார்ட்ஸுக்குப் பணம் போகிறது.

சுருக்கமாக:

• லைட் விட்டு விட்டு மின்னினால் ஆபத்து. வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்க.
• லைட் நிலையாக எரிந்தால் நிதானமாகச் சோதிக்க நேரம் இருக்கு. தள்ளிப்போடாதீங்க.
• கோடைக் குறித்துக்கொள்ளாமல் அழிக்காதீங்க. பேட்டரி கழட்டினால் முக்கியமான தடயமும் சேர்ந்து போயிடும்.
• பார்ட்ஸ் வாங்குவதற்கு முன் 'இடம் மாற்றிப் பார்க்கும்' சோதனை செய்யச் சொல்லுங்க. பல வண்டிகளில் அதற்குப் புது பார்ட் எதுவும் தேவையில்லை.

மிஸ்ஃபயர் என்றால் என்ன?

மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வதுதான் மிஸ்ஃபயர். சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் சரியான நேரத்தில், முழுமையாக எரியாமல் போவது.

ஒரு பெட்ரோல் என்ஜின் சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்ய மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. இரண்டு, அதைப் பற்றவைக்கும் பொறி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. மூன்று, கலவையை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஷன். வால்வு, பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் சரியாக இருந்தால்தான் இது கிடைக்கும்.

இந்த மூன்றில் எது குறைந்தாலும் மிஸ்ஸிங் வரும். ஆனால் ஸ்கேனரில் மூன்றுக்குமே பெரும்பாலும் ஒரே கோடுதான் விழும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வண்டிக்கு இது எப்படித் தெரிகிறது?

என்ஜின் கம்ப்யூட்டருக்கு, அதாவது இசியுவுக்கு, சிலிண்டருக்குள் எட்டிப்பார்க்க வழியில்லை. அது கவனிப்பது கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை, நான்கு சிலிண்டரும் சேர்ந்து 100 முறை. ஒவ்வொரு முறை எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் துளி வேகமெடுக்கும். எரியாமல் போனால் அந்த இடத்தில் துளி தடுமாறும். கிராங்க் சென்சார் அந்தத் தடுமாற்றத்தைப் பிடிக்கிறது. அது யாருடைய முறை என்று பார்த்து, 'இது இரண்டாவது சிலிண்டர்' என்று இசியு எழுதிக்கொள்கிறது.

ஆக, இசியு பார்த்தது வேகக் குறைவை மட்டும்தான். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, வால்வு ஒழுங்காக மூடவில்லையா என்பது அதற்குத் தெரியாது. குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் குலுங்கும்போதுகூட கிராங்க் வேகம் தடுமாறும் என்பதால், அதை மிஸ்ஃபயர் என்று எண்ணிவிடாமல் இருக்கத் தனி ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள் தயாரிப்பாளர்கள்.

லைட் மின்னுவதும் நிலையாக எரிவதும் ஒன்றா?

இல்லை. ஓபிடி-2 வசதி உள்ள கார்களில் இசியு இரண்டு விதமாகக் கணக்கு வைக்கிறது. 1,000 சுற்றுகளில் நடந்த மிஸ்ஃபயரை எண்ணி, புகை அளவு வரம்பை மீறுமா என்று பார்க்கிறது. மீறினால் லைட் நிலையாக எரியும். 200 சுற்றுகளில் எண்ணுவது இன்னொரு கணக்கு. அந்தக் குறுகிய நேரத்திலேயே கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் இருந்தால் லைட் மின்னும்.

சைலென்சர் பாதையில் இருக்கும் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரியான ஓர் அமைப்பு உண்டு. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிய ஆரம்பித்தால் வெப்பம் எகிறும். தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் மேலும் திணறும்.

சாதாரண பிளக் சில நூறு ரூபாயில் முடியும். காயில் ஆயிரங்களில் வரும். கன்வெர்ட்டர் போனால் பல வண்டிகளில் பல்லாயிரம் ரூபாய். பழைய காரின் மறுவிற்பனை விலையோடு பார்த்தால் இது பெரிய அடி.

அதனால் லைட் மின்னினால் ஏசியை நிறுத்துங்க, ஆக்ஸிலேட்டரை லேசாக விடுங்க, இடது ஓரமாக வந்து பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்க. அதன் பிறகும் மின்னுவது நிற்கவில்லை என்றால் டோ வண்டிதான் சரி. மலைப்பாதையில் போகும்போது இன்னும் கவனம் தேவை. முந்திச் செல்ல எதிர்ப் பாதைக்கு வந்த நேரத்தில் பிக்கப் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. மிஸ்ஸிங் இருக்கும் வண்டியில் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம்.

கோடை எப்படிப் படிப்பது?

'பி0302' என்பதை உடைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். முதல் எழுத்து 'பி' என்றால் என்ஜின், கியர்பாக்ஸ் சார்ந்தது. அடுத்த '0' என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. அந்த இடத்தில் '1' இருந்தால் அந்தத் தயாரிப்பாளருக்கு மட்டும் உரியது. அதற்கு அடுத்த '3' இக்னிஷன், மிஸ்ஃபயர் பிரிவு. கடைசி இரண்டு இலக்கம் குறிப்பிட்ட கோளாறு. இங்கே '02' என்றால் இரண்டாவது சிலிண்டர்.

மிஸ்ஸிங் வரும்போது அடிக்கடி தலைகாட்டும் கோடுகள் இவை:

• பி0300 – ஒரே சிலிண்டரில் இல்லாமல் மாறி மாறிப் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர்
• பி0301 முதல் பி0304 வரை – முறையே 1, 2, 3, 4-வது சிலிண்டரில் மிஸ்ஃபயர்
• பி0351 முதல் பி0354 வரை – அந்தந்தக் காயிலின் மின்சுற்றில் கோளாறு
• பி0201 முதல் பி0204 வரை – அந்தந்த இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு
• பி0171 – கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்
• பி0172 – கலவையில் பெட்ரோல் அதிகம்
• பி0335 – கிராங்க் சென்சார் மின்சுற்றில் கோளாறு
• பி0420 – கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவு

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். காயிலின் மின்சுற்றில் பிரச்னை என்று வண்டி சொல்ல நினைத்தால் அதற்கென்றே பி0352 என்ற கோடு இருக்கு. அது வராமல் பி0302 மட்டும் வந்தால் காயில் ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. பி0352 வந்தாலும்கூட வயர், சாக்கெட் இரண்டையும் பார்க்காமல் காயிலை வாங்கக் கூடாது. எலி கடித்த வயரும் அதே கோடைத்தான் கொடுக்கும்.

உங்க வண்டியில் இந்த வசதி இருக்கா?

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ்-4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. மிஸ்ஃபயரைக் கண்காணிப்பது இரண்டாம் கட்டத்தில் சேர்ந்தது. அதனால் 2013-க்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார் என்றால் எந்தச் சிலிண்டர் என்பது வரைக்கும் சொல்ல வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தைய கார்களில் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் அந்த நிறுவனத்தின் ஸ்கேனருக்கு மட்டுமே பதில் சொல்லும். இன்னும் பழைய வண்டிகளில் லைட் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் கோடு படிக்க வேண்டும்.

கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் கோடே கிடையாது. அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், பிளக் வயர், பிளக் என்று பழைய முறைப்படிதான் தேட வேண்டும்.

சாக்கெட் உள்ள வண்டிக்கு, போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குவது நல்லது. வேலை முடிந்ததும் கழட்டி வைத்துவிடுங்க. நாள் கணக்கில் மாட்டியே இருந்தால் பேட்டரி இறங்கலாம்.

கோடை அழிக்கும் முன் என்ன செய்யணும்?

முதலில் போட்டோ எடுங்க. எல்லாக் கோடுகளையும், 'பெண்டிங்' என்று காட்டுவதையும் சேர்த்து. ஒருமுறை மட்டும் தெரிந்த கோளாறு பெண்டிங்கில் இருக்கும். அடுத்த பயணத்திலும் அது தெரிந்தால்தான் பொதுவாக லைட் எரியும். லைட் எரியாமல் வண்டி மட்டும் திக்கினாலும் பெண்டிங்கில் ஏதாவது சிக்கலாம்.

அடுத்தது 'ஃப்ரீஸ் ஃபிரேம்'. கோளாறு பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, என்ஜின் சூடு எவ்வளவு, எவ்வளவு லோடில் ஓடியது என்று இசியு எடுத்து வைத்த பதிவு அது. சிசிடிவியில் உறைந்து நிற்கும் ஒரு காட்சி மாதிரி. இதைப் பார்த்தாலே தேடல் பாதியாகக் குறையும்.

கோடை அழித்தாலோ பேட்டரி டெர்மினலைக் கழட்டினாலோ இந்தப் பதிவும் போய்விடும். "பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க, லைட் போயிடும்" என்ற யோசனையில் லைட் போகும் என்பது உண்மைதான். கூடவே தடயமும் போய்விடும், கோளாறு மட்டும் வண்டியிலேயே இருக்கும்.

எப்போது மிஸ் ஆகிறது என்பதே பாதி பதில்

மெக்கானிக்கிடம் "மிஸ் ஆகுது" என்று மட்டும் சொன்னால் அவருக்குக் கையில் எதுவும் இல்லை. எந்த நேரத்தில், எந்த நிலையில் என்று சேர்த்துச் சொல்லுங்க.

• ஐட்லிங்கில் உதறுது, ரேஸ் பண்ணினா சரியாகுது: எங்கோ வேக்கும் குழாயில் விரிசலோ இன்டேக் கேஸ்கெட்டில் கசிவோ இருந்து கணக்கில் வராத காற்று உள்ளே போகலாம்.
• ஏற்றத்தில், ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் மட்டும் திக்குது: பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம், காயில் பலவீனமாக இருக்கலாம். லோடு கூடும்போது பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவை.
• வேகமாகப் போகும்போது மூச்சு வாங்குது: பெட்ரோல் பம்ப் அழுத்தமோ அடைத்த ஃபில்டரோ சந்தேகம்.
• மழை பெய்தால், வண்டி கழுவினால் மட்டும் மிஸ்: பிளக் வயர், காயிலின் ரப்பர் பூட் ஆகியவற்றில் நுண்ணிய விரிசல், சாக்கெட்டில் ஈரம்.
• காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் உதறி, பிறகு சரியாகுது: இன்ஜெக்டர் கசிவு, வால்வு பிரச்னை. கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கணும்.
• பெட்ரோல் போட்ட மறுநாளே தொடங்கியது: எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. நீண்ட நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிகளிலும் இதை யோசிக்கலாம்.

எல்லா உதறலும் மிஸ்ஃபயர் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்து, கியர் போட்டு நிற்கும்போது மட்டும் உடம்பு முழுக்க அதிர்ந்தால், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

பணம் மிச்சமாக்கும் 'இடம் மாற்றும்' சோதனை

பிளக்குக்கு மேலே தனித்தனிக் காயில் உள்ள என்ஜினில் பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புது காயில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, இக்னிஷனை ஆஃப் செய்யணும். இரண்டாவது காயிலைக் கழட்டும்போதே பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் டேப்பட் கவர் பேக்கிங் போயிருக்கு என்று அர்த்தம். ஆயிலில் ஊறிய ரப்பர் பூட் வழியாகப் பொறி கசிந்துவிடும். பேக்கிங்கை மாற்றாமல் எத்தனை காயில் போட்டாலும் வீண்.

குழி சுத்தமாக இருந்தால், இரண்டாவது காயிலை மூன்றிலும் மூன்றாவதை இரண்டிலும் மாட்டணும். கோடை அழித்துவிட்டு, கோளாறு வரும் அதே சூழலில் வண்டியை ஓட்டிப் பார்க்கணும்.

இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 வந்தால் காயில் நிரபராதி.

அடுத்து இதே முறையில் பிளக்கை மாற்றிப் பார்க்கணும். கோளாறு நகர்ந்தால் பிளக். அப்போதும் இரண்டிலேயே நின்றால் இன்ஜெக்டரும் அதற்கு வரும் வயரும். அதுவும் சரி என்றால் கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் இடம் மாற்றணும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

இங்கே சறுக்கும் ஓர் இடம், சிலிண்டர் வரிசை. பெரும்பாலான என்ஜின்களில் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம்தான் ஒன்றாவது சிலிண்டர். சில நிறுவனங்கள் மறுமுனையிலிருந்து எண்ணுவதும் உண்டு. மேனுவலைப் பார்க்காமல் கழட்டினால் நல்லா இருக்கிற காயிலை மாற்றிவிட்டு "புதுசு போட்டும் சரியாகலை" என்று நிற்க வேண்டியிருக்கும்.

பழைய நான்கு சிலிண்டர் வண்டிகள் சிலவற்றில் இரண்டு பிளக்குக்கு ஒரு காயில்தான் இருக்கும். ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் இன்னொரு ஜோடி. ஒரே ஜோடியில் உள்ள இரண்டு சிலிண்டருமே மிஸ் ஆனால் காயில் மேல் சந்தேகம் வலுக்கும். ஒன்று மட்டும் மிஸ் ஆனால் முதலில் அந்த பிளக்கையும் வயரையும் பாருங்க.

கழட்டிய பிளக் சொல்லும் கதை

பிளக்கைக் கழட்டியவுடன் துடைக்காதீங்க. நுனி லேசான பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஆரோக்கியம். வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பான ஆயில் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே வருகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் பொறி வரவில்லை. வெள்ளையாக வெந்துபோய் இருந்தால் அதிகச் சூடு அல்லது பெட்ரோல் குறைந்த கலவை.

நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடணும். மூன்று ஒரே நிறத்தில் இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டர் பிரச்னை. நான்குமே கறுப்பு என்றால் பொதுவான காரணத்தைத் தேடணும். பிளக்குக்கும் ஆயுள் உண்டு. சாதாரண நிக்கல் பிளக்கை விட இரிடியம் பிளக் பல மடங்கு அதிக தூரம் ஓடும். உங்க வண்டியில் எது, எத்தனை கி.மீ.க்கு மாற்றணும் என்பது மேனுவலில் இருக்கும்.

இரண்டு கோடு சேர்ந்து வந்தால்?

பி0300-உடன் பி0171-உம் வந்தால், பல சிலிண்டருக்கும் பொதுவான காற்றுக் கசிவு அல்லது பெட்ரோல் அழுத்தக் குறைவைத் தேடுவதே சரி. நான்கு காயிலையும் ஒரே நேரத்தில் மாற்றுவது கடைசி யோசனையாகத்தான் இருக்கணும்.

பி0302-உடன் பி0171 வந்தால் இன்னொரு சிக்கல் இருக்கு. எரியாத சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜன் அப்படியே சைலென்சர் பாதைக்கு வரும். அதைப் பார்த்து ஆக்சிஜன் சென்சார், 'காற்று அதிகமா இருக்கு' என்று சொல்லும். இசியுவும் அதை நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் கூடுதல் பெட்ரோல் விடும். ஆக, பி0171 மிஸ்ஃபயருக்குக் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்று அவசரப்பட்டால் நஷ்டம்தான்.

இதைப் பிரித்துப் பார்க்க 'ஃப்யூயல் டிரிம்' உதவும். இசியு தன் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக அல்லது குறைவாக பெட்ரோல் விடுகிறது என்று காட்டும் எண் அது. ஐட்லிங்கில் பிளஸ் 20 சதவீதம் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. மாறாக, வேகமும் லோடும் கூடும்போது எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்கணும்.

பி0420 வந்தால் பலரும் பயப்படுவது நியாயம். ஆனால் மிஸ்ஃபயர் கோடும் கூட இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்யணும். இல்லாவிட்டால் புது கன்வெர்ட்டரும் அதே வழியில் போகும்.

கடைசிக் கட்டம்: கம்ப்ரஷன் டெஸ்ட்

பொறியும் பெட்ரோலும் சரி என்று உறுதியான பிறகுதான் இது. பிளக் இருந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்ப்பார்கள். இருக்க வேண்டிய அளவு மேனுவலில் இருக்கும். சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால், அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதிப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம். எல்பிஜி, சிஎன்ஜியில் நீண்ட காலம் ஓடிய வண்டிகளில் வால்வு உட்காரும் இடம் தேய்வது உண்டு என்பதால் அவற்றில் வால்வு இடைவெளியையும் பார்க்கச் சொல்லலாம்.

இந்தக் கட்டத்தில் செலவு பெரிது. என்ஜினைப் பிரிக்கச் சம்மதம் சொல்வதற்கு முன் நான்கு சிலிண்டரின் அழுத்த எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. எண் இல்லாமல் "என்ஜின் போச்சு" என்று யாராவது சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுவதில் தப்பே இல்லை.

இதை மட்டும் செய்யாதீங்க

• என்ஜின் ஓடும்போது பிளக் வயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்க்காதீங்க. பழைய பழக்கம்தான், ஆனால் ஷாக் அடிக்கும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்கும் போகும்.
• பெட்ரோல் வாடை வந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். முதலில் கசிவைக் கண்டுபிடிக்கணும்.
• தண்ணீர் தேங்கிய தெருவில் நின்ற வண்டியை, உள்ளே தண்ணீர் போயிருக்கா என்று பார்க்காமல் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்யாதீங்க.
• லைட் எரியுது என்று பல்பைக் கழட்டவோ டேப் ஒட்டவோ வேண்டாம்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் என்ஜின் லைட் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன் செய்தபோதே எரியவில்லை என்றால் பல்பைக் கழட்டியிருக்கலாம் அல்லது வயரைத் துண்டித்திருக்கலாம்.

அடுத்து ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தைத் திறங்க. கோடை அழித்ததும் சுயபரிசோதனைகள் பல 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். பல நாள் பலவிதமாக ஓட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக முடியும். கோடு ஒன்றுகூட இல்லை, பரிசோதனைகளும் முடியவில்லை என்றால் சமீபத்தில் யாரோ அழித்திருக்காங்க, அல்லது பேட்டரி கழட்டப்பட்டிருக்கு. ஏன் என்று கேளுங்க.

சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

லைட் அணைந்தது மட்டும் ஆதாரம் ஆகாது. ஃப்ரீஸ் ஃபிரேமில் பதிவான அதே சூழலில் வண்டியை ஓட்டணும். ஏற்றத்தில் வந்த கோளாறு என்றால் ஏற்றத்தில், குளிர்ந்த ஸ்டார்ட்டில் வந்தது என்றால் மறுநாள் காலையில். அப்போதும் பெண்டிங் கோடு வரக் கூடாது. பொதுவாக, தொடர்ந்து மூன்று பயணங்களில் கோளாறு தெரியாவிட்டால் லைட் தானாகவே அணையும். நினைவகத்தில் இருக்கும் கோடு மறைய 40 முறை என்ஜின் சூடாகி ஆற வேண்டும்.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழான பியுசி எடுப்பதையும் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்க. மிஸ் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத ஹைட்ரோகார்பன் அப்படியே வெளியேறும் என்பதால் சோதனையில் தோற்க வாய்ப்பு அதிகம். மாசு விதியை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கு.

பில் கட்டும் முன் கேட்க வேண்டிய நாலு கேள்வி

• என்ன கோடு வந்தது? பெண்டிங்கில் இருந்ததும் சேர்த்துச் சொல்லுங்க.
• இந்தப் பார்ட்தான் காரணம் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?
• இடம் மாற்றிப் பார்த்தீங்களா? கோளாறு கூடவே நகர்ந்ததா?
• கழட்டிய பழைய பார்ட்டைக் கொடுங்க.

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், காரணம் அவர் ஏற்கெனவே இதையெல்லாம் செய்திருப்பார். "ஸ்கேனரே சொல்லிடுச்சு சார்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், காயிலுக்கு ஆர்டர் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்க.